டெப் ஒன்று வீட்டுக் கணினி ஆகுமா?



பிள்ளைக்கு மடிக்கணினி வாங்குவதா, டெப் வாங்குவதா என்ற பேச்சு இன்று நம் வீடுகளில் அடிக்கடி எழுகிறது. மடிக்கணினிக்குக் காசு போதாது. கைத்தொலைபேசியின் சிறிய திரையில் படித்தால் கண் நோகிறது. இரண்டுக்கும் இடையில் நிற்கும் டெப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் அன்றாட வேலைகளை முடிக்கலாமா? பெரும்பாலான வீடுகளுக்கு முடியும். ஆனால் சில விடயங்களை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு தாளை எடுத்து, கணினி தேவைப்படும் வேலைகளை எழுதுங்கள். பாடக்குறிப்பு, கடந்தகால வினாத்தாள், சூம் வகுப்பு, வங்கிக் கணக்கு, மின்கட்டணம், வெளிநாட்டிலுள்ள மகனோடு முகம் பார்த்துப் பேசுவது, ஒரு கடிதம். இவை அனைத்தையும் டெப் செய்துவிடும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வட்ஸ்அப்பில் வந்த பாடங்களைப் பிள்ளைகள் வாப்பாவின் தொலைபேசியில் மாறி மாறிப் பார்த்ததை எந்த உம்மாவும் மறந்திருக்க மாட்டார்.

மின்சாரத்தையும் எண்ணிப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் நம் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மேசைக் கணினி கரண்ட் போன கணமே அணைந்துவிடும். நல்ல டெப்போ ஒரு முறை சார்ஜ் செய்தால் எட்டு மணித்தியாலமளவு தாங்கும். பவர் பேங்கிலும் சார்ஜ் ஏறும்.

தமிழில் எழுதுவதும் கடினமில்லை. திரையில் தோன்றும் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டால் போதும். 2017 முதல் கூகுளின் குரல்வழித் தட்டச்சிலும் தமிழ் உண்டு. தட்டச்சுத் தெரியாத உம்மம்மா பேசினாலே எழுத்து விழும். பிழைகளை மட்டும் பேத்தி திருத்திக் கொடுக்கலாம். தனி விசைப்பலகை வாங்குவதாயின், அதில் தமிழ் வருகிறதா என்று கடையிலேயே தட்டிப் பாருங்கள். சில டெப்களில் திரையில் வரும் தமிழ் அதில் வராது.

இன்னொரு சிக்கல் நம் நாட்டில் அதிகம். பழைய வினாத்தாள்களும் கடிதங்களும் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத டெப்பில் அவற்றைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். கோப்பு கெட்டுவிட்டதென்று அழித்துவிடாதீர்கள். அனுப்பியவரிடம் பீடிஎப் ஆக மாற்றித் தரக் கேளுங்கள். அல்லது யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச மாற்றியில் இட்டுப் பாருங்கள்.

டெப் போதாத இடங்களும் உண்டு. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளை பைதன் நிரல் எழுதிப் பழகக் கணினியே வசதி. தையலோ பலகாரமோ விற்று வரவுசெலவு எழுதும் சகோதரிக்குச் சிறிய கணக்கு டெப்பில் சரி. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் அட்டவணை என்றால் கை சலிக்கும். அச்செடுப்பதற்கோ, கோப்பைக் கொமினிகேஷன் கடைக்கு அனுப்பினால் போதும்.

ஒரே டெப்பை வீடே பயன்படுத்தும்போது, விளையாட்டில் மூழ்கும் சின்னவன் உம்மாவின் படங்களை அழித்துவிடலாம். அண்ட்ரொய்ட் டெப்கள் பலவற்றில் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு வைக்கும் வசதி 2012 முதலே இருக்கிறது. உங்களுக்கொன்று, பிள்ளைகளுக்கொன்று எனப் பிரித்துவிடுங்கள்.

வாங்கும் அன்றே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடைப் பையன் அவசரத்தில் ஒரு கூகுள் கணக்குத் திறந்து, கடவுச்சொல்லையும் தானே போட்டுத் தருவான். ஒரு வருடம் கழித்து டெப் பழுதாகும்போது, வீட்டில் யாருக்கும் அது தெரியாது. படங்களும் பத்திரங்களும் கணக்கோடு போய்விடும். கணக்கை உங்கள் பெயரிலும் உங்கள் தொலைபேசி இலக்கத்திலும் திறந்து, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அலுமாரியில் பூட்டி வையுங்கள்.

பத்திரங்களைப் பற்றி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் நம்மவரை வெளியேற்றியபோது, காணி உறுதியையும் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் சான்றிதழ்களையும் எடுக்க முடியாமற் போனவர்கள் பலர். 2009இல் போர் முடிந்தபின் திரும்பி வந்து, தம் வளவு தம்முடையதென்று காட்ட அவர்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். அன்று ஒரு நகல் வேறெங்கேனும் இருந்திருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

டெப்பின் கெமரா அந்த நகலை எடுத்துத் தரும். வெளிச்சத்தில் பத்திரத்தை விரித்து, பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். படம் மூலப் பத்திரத்திற்கு ஈடாகாது. ஆனாலும் உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியன தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடுவது இலகு. டெப்பில் மட்டும் வைத்தால் அது விழுந்து உடையும் நாளில் நகலும் போய்விடும். கூகுள் கணக்கில் 15 ஜீபி இடம் இலவசம். அங்கே ஒரு பிரதி இருக்கட்டும். பென் டிரைவில் இன்னொரு பிரதி எடுத்து, புத்தளத்திலோ கொழும்பிலோ இருக்கும் நம்பிக்கையான உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

டெப் ஏற்கெனவே வீட்டில் இருந்தால், இந்த வாரமே காணி உறுதியிலிருந்து தொடங்குங்கள்.