முதல் செலவு மொட்டை மாடிக்கு!

போனஸ் கைக்கு வந்ததும் நம்மாளுங்க நேரே ஓடுவது பெயிண்ட் கடைக்கு. நான் சொல்றேன், முதலில் மொட்டை மாடிக்கு ஓடுங்க சார்! அங்கே தண்ணி தேங்குதா, விரிசல் இருக்கா, பாருங்க. ஈரச் சுவர் எவ்வளவு உசத்தி பெயிண்ட்டையும் ஒரே மழையில் அப்பளமாகப் பொரித்துத் தள்ளிவிடும்.

சந்தேகமா? ஒரு சாண் பாலிதீனைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்க. ரெண்டு நாளில் உட்பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளேயிருந்து வருது. காசு முதலில் அதற்குத்தான்.

அடுத்து, உள்ளங்கையால் சுவரைத் தடவுங்க. விபூதி மாதிரி ஒட்டுதா? பழைய சுண்ணாம்பு. சுரண்டாமல் மேலே டிஸ்டெம்பர் அடித்தால் உரிந்து வரும். சுரண்ட ஒரு ஞாயிறு, உப்புத்தாள், இளிச்சவாய் மச்சினன் போதும். அவரும் சிக்கலையா? துளி நீலம் கலந்து மறுபடி சுண்ணாம்பே அடிங்க. கௌரவம் ஒண்ணும் குறையாது.

பக்கத்து சீட் நண்பர் ஹாலுக்கு மாம்பழ மஞ்சள் அடிக்கத் துடித்தார். அவர் அம்மா படுக்கிற அறையிலோ சுவரெல்லாம் பூஞ்சை; அம்மாவுக்கு வீசிங். பூஞ்சை அதைக் கிளப்பிவிடும். "ஹால் விருந்தாளிக்கு, அந்த அறை அம்மாவுக்கு. எது முதல்ல?" என்றேன். மனுஷன் ஷேட் கார்டை மடித்துவிட்டு, கொத்தனாரைத் தேடிப் போனார்.

விருந்தாளி கேட்டால் சொல்லுங்க: "பழசுதான் சார் இப்ப ஃபேஷன்!"