புளூட்டோவுக்கு அநீதி நடக்கவில்லை

2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம், கோள் என்றால் என்ன என்று வரையறுத்தது. அந்தப் பொருள் சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும். தன் சுற்றுப்பாதைப் பகுதியில் வேறு பொருள்கள் போட்டிக்கு நிற்காதபடி அதைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்திருக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையில் புளூட்டோ தவறியது. குறுங்கோள் என்ற புதிய வகைக்குப் போனது.

அன்றிலிருந்து ஒரு குரல் ஓயவே இல்லை. புளூட்டோவுக்கு அநீதி இழைக்கப்பட்டது, அறையில் இருந்த சில நூறு பேர் கைதூக்கி அதை ஒழித்தார்கள், அந்த நிபந்தனையில் பூமியே தேறாது, புளூட்டோவில் மலையும் காற்றும் இருக்கையில் அது கோள் இல்லையென்றால் வேறு எது கோள் என்று அந்தக் குரல் கேட்கிறது. கேட்பவர்களில் வானவியல் ஆர்வலர்கள் மட்டுமல்ல, மதிப்புக்குரிய விஞ்ஞானிகளும் உண்டு. எனவே உதறித் தள்ளாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவதுதான் முறை. பேசிப் பார்த்தால், இந்த வாதங்களில் எதுவும் நிற்கவில்லை என்பதே என் முடிவு.

வாக்கெடுப்பை முதலில் முடித்துவிடலாம். ஒன்றியத்தில் அன்று ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தார்கள், கடைசி நாளில் வாக்களித்தவர்கள் சுமார் 424 பேர். இது உண்மை. ஆனால் அன்று வாக்குக்கு விடப்பட்டது புளூட்டோவின் நிறையோ பாதையோ அல்ல. ஒரு சொல்லை எந்த எல்லைக்குள் பயன்படுத்துவது என்பதுதான். அறிவியலில் பெயர்களும் அலகுகளும் உடன்பாட்டால்தான் நிலைபெறுகின்றன. 2018 நவம்பரில் வெர்சாய் நகரில் நாடுகளின் பிரதிநிதிகள் வாக்களித்துத்தான் கிலோகிராமுக்குப் புதிய வரையறை தந்தார்கள். அதற்காக யாரும் எடைக்கல்லுக்கு அநீதி என்று சொல்லவில்லை. பிராக் கூட்டத்துக்குப் பிறகு ரியோ டி ஜெனிரோ, பெய்ஜிங், ஹொனலூலு, வியன்னா, பூசான், கேப் டவுன் என்று ஒன்றியத்தின் பொதுச்சபை பலமுறை கூடியிருக்கிறது. எந்தச் சபையும் அந்த முடிவைத் திருப்பவில்லை.

சின்னதாக இருப்பதால்தான் நீக்கினார்கள் என்று சொல்வதும் தவறு. வரையறையில் விட்ட அளவு பற்றி ஒரு சொல் கூட இல்லை.

எழுபத்தாறு ஆண்டுகள் கோளாக இருந்ததை எடுக்கலாமா என்ற வாதம் மனத்தைத் தொடும் வாதம். அதற்கு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. அந்த வரலாறு நம் பள்ளிகளில் சொல்லப்படுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1801 ஜனவரி 1 அன்று சிசிலியின் பலெர்மோவில் ஜுசெப்பே பியாட்சி ஒரு புதிய ஒளிப்புள்ளியைக் கண்டார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஒரு கோள் இருந்தாக வேண்டும் என்று வானியலாளர்கள் ஏற்கெனவே எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் அது. சில வாரங்களில் அது சூரிய ஒளியில் மறைந்துவிட, இளம் கணிதவியலாளரான காஸ் கணக்கிட்டுக் கொடுத்த பாதையை வைத்து அந்த ஆண்டின் கடைசி நாளில் அதை மறுபடி பிடித்தார்கள். அதுதான் சீரிஸ். எட்டாவது கோளாக ஏற்கப்பட்டது. 1802இல் பல்லாஸ், 1804இல் ஜூனோ, 1807இல் வெஸ்டா. நான்கும் கோள்களாகவே எண்ணப்பட்டன. அந்தக் காலத்துப் பாடநூல்களில் புதனிலிருந்து யுரேனஸ் வரை பதினொரு கோள்கள் இருந்தன.

பிறகு 1845இல் அஸ்ட்ரேயா கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. எல்லாம் ஒரே வட்டாரத்தில், ஒன்றின் பாதையை இன்னொன்று வெட்டிக்கொண்டு. வானியலாளர்களுக்கு விஷயம் புரிந்தது: இது தனித்தனிக் கோள்களின் வரிசை அல்ல, ஒரு கூட்டம். 1850களில் அவற்றுக்கு வரிசை எண் கொடுத்துத் தனிப் பட்டியலாகப் பிரித்தார்கள். அரை நூற்றாண்டு கோளாக இருந்த சீரிஸ் அந்தப் பட்டியலில் முதல் எண்ணைப் பெற்றது. சீரிஸின் தன்மையில் எதுவும் மாறவில்லை. அதன் அக்கம்பக்கம் எப்படிப்பட்டது என்று தெரிந்தது, அவ்வளவுதான்.

புளூட்டோவின் கதை இதே வழியில் நடந்தது, மெதுவாக. யுரேனஸின் ஓட்டத்தில் விளக்க முடியாத பிசகு இருக்கிறது, அதற்கு ஒரு பெரிய கோள் காரணமாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டவர் அமெரிக்காவின் பெர்சிவல் லோவல். அவர் இறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரில் அவர் நிறுவிய ஆய்வகத்தில் கிளைட் டோம்பா என்ற இளைஞர், 1930 ஜனவரியில் எடுத்த இரண்டு ஒளிப்படத் தட்டுகளை ஒப்பிட்டு, பிப்ரவரி 18 அன்று புளூட்டோவைக் கண்டுபிடித்தார். தேடியது கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கையில் அது உடனே ஒன்பதாவது கோளானது. பூமியைப் போன்ற நிறை இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு ஒவ்வொரு மதிப்பீட்டிலும் அது மெலிந்துகொண்டே போனது. 1978இல் ஜேம்ஸ் கிறிஸ்டி அதன் நிலவான சாரனைக் கண்டதும் நிறையைச் சரியாக அளக்க முடிந்தது. நம் நிலவின் நிறையில் ஆறில் ஒரு பங்குதான் வந்தது. யுரேனஸை அசைக்க அதனால் முடியாது. வாயேஜர் 2 விண்கலம் 1989இல் நெப்டியூனைக் கடந்தபோது கிடைத்த நெப்டியூனின் திருத்தமான நிறையைப் பயன்படுத்தியதும், பிசகு என்று லோவல் கருதியதே இல்லாமல் போனது. ஆக, புளூட்டோ கோளானதற்கு அடிப்படையே ஒரு தப்புக் கணக்கு. டோம்பாவின் உழைப்பு மகத்தானது; அதை இது குறைக்காது.

1992 ஆகஸ்டில் ஹவாயின் மௌனா கியா மலையுச்சியிலிருந்து டேவிட் ஜுவிட்டும் ஜேன் லூவும் நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு பொருளைக் கண்டார்கள். அதன்பின் நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரத்துக்கும் மேல். இன்று அந்தப் பகுதியைக் கைப்பர் பட்டை என்கிறோம். புளூட்டோவைப் போலவே, நெப்டியூன் மூன்று சுற்று முடிக்கும் நேரத்தில் இரண்டு சுற்று முடிக்கும் பொருள்கள் மட்டுமே அங்கே நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2005இல் மைக் பிரவுன் குழு ஏரிஸை அறிவித்தது. ஏரிஸ் புளூட்டோவைவிட நிறை மிகுந்தது, கால் பங்குக்கும் மேல் கூடுதல். புளூட்டோ கோள் என்றால் ஏரிஸும் கோள்தான். பிராக் கூட்டத்தில் முதலில் வைக்கப்பட்ட வரைவு சீரிஸ், சாரன், ஏரிஸ் மூன்றையும் சேர்த்துப் பன்னிரண்டு கோள்கள் என்றது. அதையும் சபை ஏற்கவில்லை. 1850களில் எடுத்த அதே முடிவைத்தான் வானியல் மறுபடி எடுத்தது.

இனி மூன்றாவது நிபந்தனை. எதிர்ப்பாளர்கள் அதிகம் தாக்குவது இதைத்தான். வியாழனின் பாதையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ட்ரோஜன் சிறுகோள்கள் கூடவே ஓடுகின்றன, பூமியின் பாதையைச் சிறுகோள்கள் வெட்டுகின்றன, நெப்டியூனின் பாதையைப் புளூட்டோவே வெட்டுகிறது, அப்படியானால் இவை எதுவும் கோள் இல்லையா என்று கேட்கிறார்கள்.

பாதை தூசு தட்டிய தெரு மாதிரி காலியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை அல்ல. அங்கே யாருடைய ஈர்ப்பு சட்டம் போடுகிறது என்பதுதான் கேள்வி. ட்ரோஜன்கள் வியாழனுக்கு அறுபது பாகை முன்னும் பின்னும் நிற்பது வியாழனின் ஈர்ப்பு அங்கே பிடித்து வைத்திருப்பதால்தான். அவை வியாழனின் ஆட்சிக்குச் சாட்சி. நெப்டியூன் விஷயமும் அப்படியே. புளூட்டோ அதன் பாதைக்குள் வரும்போதெல்லாம் நெப்டியூன் வெகு தொலைவில் இருக்கும்; இரண்டும் 17 வானியல் அலகுக்குள் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தூரம் ஓர் அலகு) நெருங்குவதே இல்லை. அந்த மூன்றுக்கு இரண்டு தாளத்தை விதித்தது நெப்டியூன், கீழ்ப்படிவது புளூட்டோ. நெப்டியூனின் நிறை புளூட்டோவைப் போல் ஏறக்குறைய எட்டாயிரம் மடங்கு.

இதை எண்ணிலேயே பார்க்கலாம். வானியலாளர் ஸ்டீவன் சோட்டர் 2006இல் ஒரு கணக்குப் போட்டார். ஒரு பொருளின் நிறையை, அதன் பாதைப் பகுதியில் உள்ள மற்ற எல்லாவற்றின் மொத்த நிறையால் வகுத்தார். பூமிக்கு வந்தது சுமார் 17 லட்சம். நெப்டியூனுக்கு 24,000. எட்டுக் கோள்களில் மிகக் குறைந்ததற்கே ஆயிரக்கணக்கில் வருகிறது. சீரிஸுக்கு 0.33, புளூட்டோவுக்கு 0.07. ஆயிரங்களுக்கும் ஒன்றுக்கும் இடையே எதுவும் இல்லை. இப்படிப்பட்ட பள்ளத்தை இயற்கையே வெட்டி வைத்திருக்கும்போது, எல்லைக்கோட்டை அங்கே போடாமல் வேறு எங்கே போடுவது? இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புளூட்டோவுக்காக மிக உரக்கப் பேசும் ஆலன் ஸ்டெர்ன், ஹெரால்ட் லெவிசனுடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட கட்டுரையில் இதே பிளவை வேறொரு கணக்கால் காட்டியிருக்கிறார். இரு பக்கத்தையும் கோள் என்றே அழைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பிளவு இருக்கிறது என்பதில் அவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

புளூட்டோவின் இடத்தில் பூமியை வைத்தால் பூமியும் கோள் இல்லாமல் போய்விடும் என்பது அடிக்கடி கேட்கும் வாதம். கேட்கும்போது பலமாகத்தான் தெரிகிறது. ஆனால் வானியலாளர் ஜான்-லுக் மார்கோ 2015இல் தந்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். சூரியனிலிருந்து 40 வானியல் அலகு தொலைவில், சூரியனின் ஆயுட்காலத்துக்குள் தன் பகுதியை வசப்படுத்தத் தேவையான நிறை, பூமியின் நிறையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பூமி அங்கே தாராளமாகத் தேறும். செவ்வாய் கூட மயிரிழையில் தேறிவிடும். புளூட்டோவிடம் இருப்பதோ தேவையானதில் நூற்றுக்கு மூன்று பங்கு.

கோள் இயல் அறிஞர்கள் பலர் வைக்கும் வாதம் வேறு வகை. ஒரு பொருள் என்ன என்பதை அதன் உள்ளியல்பு சொல்ல வேண்டும், அது எங்கே சுற்றுகிறது என்பது அல்ல என்கிறார்கள். உருண்டையாக இருப்பதெல்லாம் கோள் என்ற அவர்களுடைய வரையறை 2017இல் வந்தது. அதன்படி நம் நிலவும் கோள், சனியைச் சுற்றும் டைட்டனும் கோள், மொத்தம் நூற்றுக்கும் மேல். பாறையையும் பனியையும் ஆராய்பவர்களுக்கு இந்தப் பார்வை பயன்படும், அதில் ஐயமில்லை. ஆனால் வானியலின் வரலாறு இதற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது. கிரேக்கர்களும் நம் முன்னோரும் சூரியனையும் சந்திரனையும் கோள் வரிசையில் வைத்தார்கள். 1543இல் கோப்பர்நிக்கஸின் நூல் வந்து, எது எதைச் சுற்றுகிறது என்ற கணக்கு மாறியதும், சூரியன் வரிசையைவிட்டு வெளியேறியது, பூமி உள்ளே வந்தது. பூமியின் மண்ணைச் சோதித்து யாரும் அதைக் கோள் ஆக்கவில்லை. கலிலியோ 1610இல் கண்ட வியாழனின் நான்கு துணைகளையும் முதலில் கோள் என்றே சொன்னார்கள். அவை வியாழனைச் சுற்றுபவை என்பதாலேயே பின்னாளில் துணைக்கோள் என்று பிரிந்தன. அந்த நான்கில் ஒன்றான கானிமீடும், டைட்டனும் புதனைவிடப் பெரியவை. அவற்றைத் துணைக்கோள் என்று அழைக்கும்போது நாம் சொல்வது அவற்றின் இடத்தைத்தான். இடம் பார்த்துப் பெயர் வைப்பது 2006இல் புகுத்திய புதுமை அல்ல.

நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவை 12,500 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து அனுப்பிய படங்களை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை. ஆயிரம் கிலோமீட்டர் அகலத்துக்கு நைட்ரஜன் பனிச் சமவெளி, அதன் விளிம்பில் தண்ணீர்ப் பனியால் ஆன மலைகள், வளிமண்டலத்தில் நீல மூட்டம். அந்தச் சமவெளியில் விண்கல் பள்ளங்கள் இல்லை. அப்படியென்றால் அதன் மேற்பரப்பு இன்னும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. இவ்வளவு உயிர்ப்பான உலகம் கோள் இல்லையா என்று கேட்பவர்களின் உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனால் வியாழனின் ஐயோவில் நூற்றுக்கணக்கான எரிமலைகள் குமுறுகின்றன, சனியின் என்செலடஸ் ஐந்நூறு கிலோமீட்டர் விட்டம்தான், அது விண்வெளியில் நீராவியைப் பீய்ச்சுகிறது. இரண்டும் கோள்கள் அல்ல. புதனோ அவற்றைப் பார்க்க மிக அமைதியானது, அது கோள். ஓர் உலகம் ஆராயத் தகுந்ததா என்பது வேறு கேள்வி, அது கோளா என்பது வேறு கேள்வி. கோள் என்ற பெயர் கிடைத்தால்தான் ஓர் உலகத்துக்கு மதிப்பு என்ற எண்ணத்தைத்தான் நாம் கைவிட வேண்டும்.

அமெரிக்காவில் இந்தப் பாசத்துக்கு ஊர்ப்பற்றும் காரணம். அந்நாட்டவர் ஒருவர் கண்டுபிடித்த ஒரே கோளாக அது இருந்தது. நியூ மெக்சிகோ சட்டமன்றம் 2007இலும், டோம்பா பிறந்த இல்லினாய் மாநிலத்தின் செனட் 2009இலும் புளூட்டோவுக்காகத் தீர்மானம் போட்டன. 2024இல் அரிசோனா அதைத் தன் மாநிலக் கோளாகவே அறிவித்தது. மரியாதையோடு பார்க்க வேண்டிய அன்பு இது. வகைப்பாட்டுக்கு இது ஆதாரம் ஆகாது.

பிராக் வரையறையில் உண்மையான குறை ஒன்று உண்டு. சூரியனைச் சுற்றுபவற்றுக்கு மட்டுமே அது பொருந்தும். வேறு விண்மீன்களைச் சுற்றும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உலகங்கள் உறுதியாகிவிட்ட பிறகு, அவற்றைக் கோள் என்று அழைக்க அதில் வழி இல்லை. சுற்றுப்புறத்தை எந்த அளவுக்கு வசப்படுத்த வேண்டும் என்பதற்கும் அதில் எண் இல்லை. அவசரத்தில் எழுதிய வாசகம், திருத்தப்பட வேண்டியது. மார்கோவும் பிரெட் கிளாட்மனும் இன்னொருவரும் 2024இல் முன்வைத்த திருத்தம் இதைத்தான் செய்ய முயல்கிறது. எந்த விண்மீனைச் சுற்றினாலும், நிறை 1-க்குப் பின்னால் 23 சுழியங்கள் போட்ட கிலோகிராமுக்கு மேல், வியாழனின் நிறையைப் போல் 13 மடங்குக்குக் கீழ் இருந்தால் கோள். புதனின் நிறை அந்தக் கீழ் எல்லையைப் போல் மூன்று மடங்கு. புளூட்டோவின் நிறை அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. வரையறையைத் திருத்த வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்வேன். திருத்தினால் புளூட்டோ திரும்பி வந்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்களோடு சேர மாட்டேன்.