பாம்புக்கு எத்தனை அடி வீடு?



"சேர், பாம்பு வளர்க்க எத்தனை அடி கண்ணாடிப் பெட்டி வேணும்?" போன வாரம் தரம் 9 பிள்ளையொருவன் கேட்டான். யூடியூபில் பார்த்திருக்கிறான். வகுப்பே சிரித்தது. எனக்கென்றால் நல்ல கேள்வியாகத்தான் பட்டது. லவ் பேர்ட்ஸ் வாங்கப் போகும் பெரியவர்கள்கூட கூட்டின் விலையைக் கேட்கிறோமே தவிர அளவைக் கேட்பதில்லை.

பாம்பு வளர்க்கும் வெளிநாட்டுக்காரர்கள் பலகாலம் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். பெட்டியின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டினால் பாம்பின் நீளம் வந்தால் போதும், அது சுருண்டுதானே கிடக்கும் என்று. 2019இல் கிளிஃபர்ட் வார்விக்கும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் இதை மறுத்து எழுதினார்கள். பாம்பு உடம்பை நேராக நீட்டியும் கிடக்கும், ஆகவே பெட்டி பாம்பின் முழு நீளத்துக்குக் குறையக் கூடாது என்பது அவர்கள் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். பத்துக்குப் பன்னிரண்டு லயக் காம்பிராவில் குடும்பமே முடங்கிப் படுத்த மலையகத்துக்கு, "சுருண்டு படுத்தால் போதும்" என்ற பேச்சு புதிதல்ல. அந்த அளவைப் போட்டவர்கள் யாரும் அதற்குள் படுத்ததில்லை.

நீளம் மட்டுமல்ல, சூடும் இருக்கிறது. பாம்பின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது. குளிர்ந்தால் வெயிலுக்கும் சுட்டால் நிழலுக்கும் ஊர்ந்து போய்த்தான் சமாளிக்கும். அதனால் பெட்டியில் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருக்க வேண்டும். சின்னப் பெட்டியில் இரண்டு முனையும் ஒன்றுதான், தப்பிக்க இடமில்லை. யூடியூபில் காட்டும் பந்து மலைப்பாம்பு மேற்கு ஆபிரிக்காவின் வெப்பத்தில் பிறந்தது, சூட்டு முனை 30 பாகைக்கு மேல் கேட்கும். நுவரெலியாவின் ஜனவரி இரவை நினைத்துப் பாருங்கள். கரண்ட் போனால் என்ன கதி? நம் பச்சை விரியன் போல மரத்தில் வாழ்வதற்கு உயரமும் வேண்டும். தோட்டத்துச் சாரை ஆறடிக்கு மேல் வளரும். அதற்குப் பெட்டி செய்தால் காம்பிராவின் ஒரு சுவர் போய்விடும்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. அங்கே நாகமும் விரியனும் இருப்பது வெறும் மண்பானையில். பாதிக்கு மணல், வாயில் பருத்தித் துணி. இது மட்டும் சரியா என்று கேட்பீர்கள். வித்தியாசம் காலத்தில் இருக்கிறது. மூன்று நான்கு வாரம் வைத்து, சில தடவை விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். விஷம் மருந்தாகிறது. நம் ஆஸ்பத்திரிகளில் ஏற்றும் விஷமுறிவு மருந்தும் இந்தியாவிலிருந்து வருவதுதான். (குணகட்டுவா கடிக்கு அது வேலை செய்யாது, செருப்பில்லாமல் கொழுந்துக்குப் போகிறவர்கள் கவனம்.) பந்து மலைப்பாம்போ பெட்டிக்குள் 20 வருடத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். மூன்று வாரப் பானையையும் இருபது வருடப் பெட்டியையும் ஒரே கோலால் அளக்க முடியாது.

இன்னொன்று, இங்கே நம் பாம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு 1937ஆம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. பிடித்து வைத்து வளர்ப்பது குற்றம். ஆகவே அந்தப் பிள்ளைக்கு என் பதில்: தேயிலை மலைதான் அதற்குச் சரியான அளவு. விஞ்ஞானக் கூடத்துக்கென்று குட்டிப் பாம்பைப் போத்தலில் அடைத்து அனுப்பும் பெற்றோருக்கும் அதே பதில்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: அபூ உமைர் என்ற சிறுவனின் குருவியைப் பற்றி நபியவர்கள் அன்போடு விசாரித்ததை வைத்து, பறவை வளர்க்கலாம் என்று உலமாக்கள் சொல்கிறார்கள். பூனையை அடைத்து வைத்து, தீனியும் போடாமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணுக்குக் கிடைத்த தண்டனையும் ஹதீஸில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பாம்பு யார் வீட்டிலும் இல்லாமலிருக்கலாம், முயல் கூடு பல வீட்டில் இருக்கிறது. நாளைக் காலை தீனி போடும்போது பாருங்கள்: முயல் நீட்டிப் படுக்க முடிகிறதா, காது கூரையில் இடிக்காமல் பின்னங்காலில் எழுந்து நிற்க முடிகிறதா? இல்லையென்றால் பலகையும் வலையும் பெரிய செலவில்லை. ஆணியடிக்கத் தெரிந்த மாணவர்கள் என்னிடம் இருக்கிறார்கள், சொல்லியனுப்புங்கள்.