சார்ஜர் ஏன் 'கீச்' என்று கத்துகிறது?

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, விலையில்லா மடிக்கணினி திட்டத்தை தமிழக அரசு தொடங்கியது. அதன் பயனாக பென்னாகரம், அரூர், பாலக்கோடு என்று தர்மபுரி மாவட்டத்து உழவர் வீடுகளுக்குள்ளும் மடிக்கணினி நுழைந்தது.

கூடவே சார்ஜரும் வந்தது. சில சார்ஜர்கள் கொசுவைப் போல ரீங்காரம் செய்கின்றன. அதைக் கேட்டு பயப்படுகிறவர்கள் உண்டு. காதில் வாங்காமலே இருப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு! எந்தச் சத்தம் என்று பார்க்க வேண்டும்.

காரணம் என்ன?

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். மடிக்கணினிக்கு சுமார் 19 வோல்ட் போதும். அதற்காக சார்ஜர், மின்சாரத்தை விநாடிக்கு பல்லாயிரம் தடவை திறந்து மூடுகிறது. அப்போது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் அதிர்கிறது.

விநாடிக்கு 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட அதிர்வு மனிதன் காதில் விழாது. ஆனால் பேட்டரி நிறைந்ததும் சார்ஜருக்கு வேலை குறைகிறது. அதிர்வும் குறைந்து, காதில் விழுகிறது. அவ்வளவுதான்!

கண்டுபிடிப்பது எப்படி?

வேறு பிளக் பாயிண்டில் மாட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் பழைய பாயிண்ட் தளர்ந்து இருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். அங்கேயும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டால், சூடு அளவோடு இருந்தால், கவலை வேண்டாம்.

'படபட' என்று பொரிகிறதா? தீய்ந்த வாடை வருகிறதா? கை வைக்க முடியாமல் சுடுகிறதா? உடனே சுவிட்சை அணையுங்கள். அந்த சார்ஜரை மறுபடியும் மாட்டாதீர்கள்.

பிரிக்காதீர்கள்!

சுருளில் பசை ஊற்றினால் சத்தம் அடங்கும் என்பது உண்மையே. ஆனால் அது வீட்டில் செய்கிற வேலை அல்ல. உள்ளே உள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கி நிற்கும். பிளக்கை பிடுங்கிய பிறகும் அது சற்று நேரம் இருக்கும். தொட்டால் ஆபத்து!

புது சார்ஜர் வாங்கும்போது வோல்ட் பழையதைப் போலவே இருக்க வேண்டும். ஆம்பியர் குறையக் கூடாது. முனையும் பொருந்த வேண்டும். இந்திய தர நிர்ணய அமைப்பின் முத்திரையும் அவசியம். மடிக்கணினி சார்ஜர்களுக்கு இந்த முத்திரையை மத்திய அரசு 2014-ம் ஆண்டு அறிவிக்கையில் கட்டாயம் ஆக்கிவிட்டது.

முத்திரை இல்லாத மலிவு சரக்கில் மிச்சமாவது சில நூறு ரூபாய். அதன் அருகில் உட்கார்ந்து படிப்பது பெற்ற பிள்ளை!

சார்ஜர் ராகம் பாடினால் பொறுக்கலாம். புகை விட்டால் பொறுக்கக் கூடாது!