பெயருக்குக் கொதித்த தலைநகரும் பெயர் தெரியாத கருவியும்

2010இல் ஒரு பெயர் தில்லியைக் கொதிக்க வைத்தது. மருந்துகளை முறிக்கும் பாக்டீரிய நொதி ஒன்றுக்கு 'நியூ டெல்லி' எனப் பெயர் சூட்டியது நாட்டுக்கு இழுக்கென நடுவண் அரசு கண்டித்தது. மருத்துவச் சுற்றுலாவைக் குலைக்கும் சதி என்றுகூடப் பேசப்பட்டது. அதே ஆண்டுகளில், அதே நகரில், நோயாளிகளின் குருதியில் வளர்ந்த ஒரு பூஞ்சைக்குப் பிழையான பெயர் வழங்கிவந்தது. அதற்காக எவரும் கொதிக்கவில்லை.

2009 முதல் 2011 வரை, இரு மருத்துவமனைகளில் 12 நோயாளிகள். அவர்களின் குருதியிலிருந்து வளர்த்தெடுத்த ஈஸ்ட்டை வைடெக் 2 என்னும் தானியங்கிக் கருவி 'கேண்டிடா ஹீமுலோனி' என்றது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வல்லபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தில் அனுராதா சௌத்ரி குழுவினர் மரபணு வரிசையைப் படித்தபோதுதான் அது 'கேண்டிடா ஆரிஸ்' எனத் தெளிவாயிற்று. ஃபுளூகோனசோலுக்கு அடங்காதது, ஜப்பான், தென்கொரிய மாதிரிகளிலிருந்து வேறான, தில்லி நோயாளிகளிடையே ஒரே அச்சில் பரவிய திரிபு. இவ்வாய்வு 2013இல் வெளியாயிற்று. ('ஆரிஸ்' என்றால் இலத்தீனில் காது. 2009இல் ஜப்பானியப் பெண்ணொருவரின் காதில் கண்டதால் வந்த பெயர். தில்லியில் அது குருதியில் ஓடியது.)

கருவி பொய் சொல்லவில்லை. தன் பட்டியலில் இருப்பவற்றுள் நெருங்கிய பெயரைச் சொன்னது. வட்டாரச் சொல்லை அகராதியில் காணாதவர் அதை வேறொரு சொல்லின் கொச்சை வடிவம் என்று தீர்ப்பதைப் போன்றதே இது. குற்றம், அகராதியை மொழியாகவே கொள்பவருடையது.

பட்டியல் பின்னர் புதுப்பிக்கப்பட்டுவிட்டதே என்பர். 2019இல் வெளியான கனடிய ஆய்வு ஒன்று அப்புதுப்பிப்பையே சோதித்தது: தென்னமெரிக்கக் கிளை சரியாகப் பிடிபட்டது, கிழக்காசியக் கிளை முற்றிலும் நழுவியது. ஒரே இனம், ஒரே கருவி. ஊர் மாறினால் விடை மாறுகிறது. வளர்ப்புக்குக் காத்திராமல் குருதியிலேயே கேண்டிடாவைக் கண்டறிவதென 2014இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த டி2 சோதனையோ ஐந்து இனங்களை மட்டுமே தேடுகிறது. ஆரிஸ் அவற்றுள் இல்லை. தில்லி ஆய்வு அதற்கு முந்தைய ஆண்டே அச்சேறியிருந்தது.

ஓர் அரிய ஈஸ்ட் என்று தாளில் எழுதிவிட்டால் அடுத்த கட்டிலை யார் பரிசோதிப்பார்? ஆரிஸோ கட்டிலிலும் கருவிகளிலும் தங்கி ஆளுக்கு ஆள் தாவுவது.

எனவே, கருவி வாங்கும் குழுக்கள் விலைக்கு முன்பாக, அதன் பட்டியல் எந்நாட்டு மாதிரிகளால் சரிபார்க்கப்பட்டது என்று கேட்கவேண்டும். 'ஹீமுலோனி' என முடிவு வந்தால், மரபணு வரிசை கொண்டோ மால்டி-டாஃப் முறையாலோ உறுதிசெய்யும்வரை, முடிவுத்தாளில் அப்பெயருக்கருகே ஒரு கேள்விக்குறி இருக்கவேண்டும்.