வாள் யாருக்கு, தீவட்டி யாருக்கு?

ராஜராஜனின் படை மறுபடியும் கிளம்பிவிட்டது. ஐப்பசி சதயம் நெருங்கினால் தஞ்சாவூர்ப் பக்கம் அட்டை வாளுக்கும் ஜிகினாக் கவசத்துக்கும் கிராக்கி. 'பொன்னியின் செல்வன்' 2022இலும் 2023இலும் இரண்டு பாகமாகப் படமாய் வந்தது. சதய விழாவை வருஷா வருஷம் அரசு விழாவாக நடத்துவதாக 2022இல் அரசு அறிவித்தது. அப்புறம் என்ன, மீசை முளைக்காதவனெல்லாம் வந்தியத்தேவன். படைக்குப் பின்னால் சாதிச் சங்கத்து ஃபிளக்ஸ்: 'ஆண்ட பரம்பரை'. ராஜராஜன் ஒருத்தன். அவன் ரத்தம் என் உடம்பில்தான் ஓடுகிறது என்று சண்டைக்கு நிற்கும் சாதிகளோ எண்ணி மாளாது.

வேஷம் கட்டுவதைக் கேலி பண்ண இதை எழுதவில்லை. பழைய போரைத் திரும்ப நடித்துப் பார்ப்பது உலகத்தில் பல இடங்களில் உண்டு. இங்கிலாந்தில் 'சீல்டு நாட்' என்றொரு அமைப்பு. 1968இல் பீட்டர் யங் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி தொடங்கியது. 1640களில் ராஜாவுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரை வயல்வெளியில் நடித்துக் காட்டுகிறார்கள். வாரம் பூரா ஆபீஸிலும் பட்டறையிலும் கிடப்பவர்கள் சனி ஞாயிறில் கூடாரம் அடிக்கிறார்கள். அந்தக் காலத்து உடுப்பைத் தைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். தோளோடு தோள் ஒட்டி நின்று நீள ஈட்டியைத் தாங்குகிறார்கள். செத்து விழுந்தவன் எழுந்து வந்து, கொன்றவனோடு ஒரே அடுப்பில் குளிர் காய்கிறான். அமெரிக்காவில் உள்நாட்டுப் போரை நடிப்பவர்களில் சிலர் இரண்டு பக்கத்து உடுப்பும் வைத்திருப்பார்கள். எந்தப் பக்கம் ஆள் குறைகிறதோ அந்தப் பக்கம் போய் நிற்பார்கள்.

ஆக, வேஷத்தை மாற்றிக் கட்டலாம். சோற்றுப்பானை ஒன்று. இந்த இரண்டும் இருப்பதால்தான் அதைத் தோழமை என்கிறோம். இரண்டும் இல்லாத நம்ம ஊர் சோழப் படைக்கு என்ன பேர் வைப்பது?

நான் வேலை பார்க்கும் பேங்க்குக்கு நகைக்கடன் வட்டி கட்ட வரும் ஒரு சேரித் தம்பி சொன்னான்: "எங்களையும் கூப்புட்டாங்கண்ணெ. போனோம். வாளும் குதிரையும் குடியானத்தெருப் பசங்களுக்கு. எங்களுக்குத் தீவட்டியும் பறையும். முடிஞ்சதும் அவங்களுக்கு மண்டபத்துல எல போட்டாங்க. எங்க கையில பொட்டலத்தக் குடுத்து அனுப்பிட்டாங்க."

ஆயிரம் வருஷத்துக்கு முந்தின வேஷம் என்றார்கள். எந்த ஒத்திகையும் இல்லாமல் எவ்வளவு கச்சிதமாய் வந்திருக்கிறது பாருங்கள்!

ஏனென்றால் அசலும் அதுதான். நான் பேரேடு எழுதுகிறவன். பெரிய கோயில் கல்வெட்டையும் ஒரு பேரேடாகத்தான் படிக்கிறேன். கோயிலுக்கு விட்ட ஊர்களின் நிலத்தைக் கணக்கெழுதும்போது, வரி கிடையாது என்று கழித்த இடங்களைப் பட்டியல் போடுகிறான்: ஊர் நத்தம், குளம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. பறையருக்குச் சுடுகாடு தனி. 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் அந்தக் கல்லிலேயே இருக்கிறது. அதே கோயிலில் படைப்பிரிவுகளின் பேரும் வரிசையாய் வெட்டியிருக்கிறது: பெருந்தனத்து ஆனையாட்கள், வலங்கை வேளைக்காரப் படைகள் என்று. அந்தப் பேர்களைத்தான் இன்றைக்குப் பேனரில் போடுகிறார்கள். தீண்டாச்சேரியைப் பேனரில் போட எவனுக்கும் கை வரவில்லை. 2019இல் திருப்பனந்தாளில் இயக்குநர் பா. இரஞ்சித், ராஜராஜன் காலத்தில் நம் நிலம் பறிபோனது என்று மேடையில் பேசினார். உடனே வழக்கு. செத்து ஆயிரம் வருஷமான ராஜாவுக்கு மனசு புண்படுகிறதாம்!

தம்பி இன்னொன்றும் கேட்டான். நம்ம தோழர்களிலும் பலர் கேட்பதுதான்: "வலங்கைன்னா நாமதானேண்ணெ? நாமளும் சோழன் படையில இருந்தவங்கதானே? நாம தனியா ஒரு படை கட்டுனா என்ன?"

ஆசை புரிகிறது. குனிந்தே கிடந்த முதுகுக்கு நிமிர்ந்து நடக்க ஒரு சாக்கு வேண்டும். ஆனால் வேளைக்காரன் யார்? வேளை வந்தால் ராஜாவுக்காக உயிரை விடுவேன் என்று சத்தியம் பண்ணியவன். அந்தச் சத்தியம் நமக்கு எதுக்கு தம்பி? அவன் ஆண்டான், நானும் ஆண்டேன் என்று போட்டிக்கு நின்றால், ஆளப்பட்டவன் யார் என்ற கேள்வியே காணாமல் போகும். ஆதிக்க சாதிக்காரனுக்கு வேண்டியதும் அதுதான்.

அமெரிக்கக் கறுப்பர்கள் வேறு மாதிரி செய்தார்கள். அங்கேயும் அடிமை முறையைக் காக்கப் போன தெற்குப் படையின் உடுப்பை மாட்டிக்கொண்டு 'எங்க பாட்டன் வீரன்' என்பவன் உண்டு. அவன் நடிப்பில் பருத்திக்காடு வராது, நம்ம ஊர்க்காரன் நடிப்பில் நடவு வயல் வராத மாதிரி. 1989இல் 'குளோரி' படம் வந்ததை ஒட்டி, கறுப்பர்கள் 54ஆவது மாசசூசெட்ஸ் படையின் உடுப்பில் களத்தில் இறங்கினார்கள். 1863இல் திரட்டிய கறுப்பர் படை அது. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். இவர்களுக்கு 10, அதிலும் துணிக்கு 3 பிடித்தம். படை என்ன செய்தது? சண்டை போட்டது, சம்பளத்தை வாங்க மறுத்தது. சரிசமமாய்க் கொடுக்கும்வரை ஒரு வருஷத்துக்கும் மேல் கைநீட்டவில்லை. பாட்டன் எந்த ராஜாவுக்குச் செத்தான் என்று அவர்கள் தேடவில்லை. எந்தக் கூலியை மறுத்தான் என்று தேடினார்கள்.

கோரேகானும் நமக்கு இருக்கிறது. 1818 ஜனவரி 1இல் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற மகர்களின் பேர் அந்தத் தூணில் இருக்கிறது. 1927 ஜனவரி 1இல் அம்பேத்கர் அங்கே போய் நின்றார். ஆனால் அந்த மகர்களைப் படையில் சேர்ப்பதையே 1890களில் வெள்ளைக்காரன் நிறுத்திவிட்டான். அடுத்தவன் கொடுத்த துப்பாக்கியை அடுத்தவனே பிடுங்கிக்கொள்வான்.

யாரும் கொடுக்காத படை ஒன்று இந்த டெல்டாவில் இருந்தது. சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராக 1940களில் பண்ணையாட்கள் சங்கமாய்த் திரண்டார்கள். 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் அந்தத் தண்டனைகள் கூடாது என்று மிராசுதார்களை ஒத்துக்கொள்ள வைத்தார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 'சீல்டு நாட்' பிறந்த அதே 1968இல், டிசம்பர் 25இல், கூலி நெல் உயர்வு கேட்டுச் சங்கம் வைத்த கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அந்தத் தீயை யாரும் நடித்துக் காட்ட வேண்டாம். அது நமக்குள் அணையவில்லை. நடிக்க வேண்டியது அதற்கு முந்தினதை: களத்துமேட்டில் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கூலி கேட்டு நின்ற அந்த வரிசையை.

இங்கிலாந்தில் இப்படி நடந்திருக்கிறது. 1984இல் ஆர்கிரீவில் சுரங்கத் தொழிலாளரைப் போலீஸ் அடித்து விரட்டியது. 2001இல் ஜெரமி டெல்லர் என்ற கலைஞர் அந்த மோதலை அதே ஊரில் திரும்ப நடத்தினார். போர் நடிக்கும் சங்கத்தார் சுமார் 800 பேர், பழைய சுரங்கத் தொழிலாளர் சுமார் 200 பேர். அடி வாங்கியவர்களில் சிலர் போலீஸ் உடுப்பில் நின்றார்கள்.

நாமும் நடத்துவோம். மிராசுதார் வேஷத்தை நம்ம சேரிப் பையன் கட்டட்டும். சாணிப்பால் சொம்புக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நிற்கும் பண்ணையாள் வேஷத்தைக் குடியானத்தெருத் தம்பி கட்டட்டும். தீவட்டியை அவன் தூக்கட்டும், பறையையும் அவனே அடிக்கட்டும். கட்டுவானா? அவன் வீட்டில் விடுவார்களா? 'தமிழன் எல்லாரும் ஒண்ணு' என்று மேடையில் தொண்டை கிழியப் பேசுகிறவர்கள் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

மாணவத் தோழர்களே, கல்லூரி விழாவில் சோழர் படைக்கு உங்களைக் கூப்பிட்டால் போங்கள். போய் இரண்டே கேள்வி கேளுங்கள்: யாருக்கு எந்த வேஷம்? சாப்பாடு ஒரே பந்தியா? பதில் சரியில்லை என்றால் பறையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வாருங்கள். உங்களோடு இன்னும் பத்து பேர் வருவார்கள். அங்கிருந்து நம்ம படையைத் திரட்டுவோம்.