அரங்கின் காலடியில் ஒரு ரயில் நிலையம்
நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனை அங்கிருந்து கிளப்ப வேண்டும் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. 1971இல் குத்துச்சண்டையில் அலியும் ஃபிரேசியரும் மோதிய அரங்கம் என்றால் உலகத்துக்கே தெரியும். எனக்கென்னவோ அதன் தூண்கள் மீதுதான் கண் போகிறது. அந்தப் பெயரில் நான்காவதாக 1968இல் திறந்த இந்த கார்டனுக்காக, அங்கிருந்த பென் ஸ்டேஷன் ரயில் நிலையத்தின் கம்பீரமான மேல்கட்டடத்தை இடித்துத் தள்ளினார்கள். தண்டவாளங்களை என்ன செய்வது? அவை கீழேயே கிடக்க, அரங்கத்தைத் தாங்கும் தூண்கள் நடைமேடைகளுக்குள்ளேயே இறங்கி நிற்கின்றன. மேலே ஏறக்குறைய 20,000 பேர் கூடைப்பந்துக்கு ஆர்ப்பரிக்க, கீழே ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் தூணைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. நிலையத்தை விரிவாக்கலாம் என்றாலும் அந்தத் தூண்கள்தான் குறுக்கே. 2013இல் மாநகர மன்றம் அரங்கம் அங்கேயே இயங்கப் பத்தாண்டுக்கு மட்டும் அனுமதி தந்தது. அதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பினார்கள், பாவம். 2023இல் மேலும் ஐந்தாண்டு நீட்டித்தாயிற்று. இத்தனைக்கும் இடம் மாறுவது கார்டனுக்குப் புதிதல்ல. பெயரிலுள்ள மேடிசன் சதுக்கத்தை விட்டு வந்தே நூறாண்டு ஆகிறது. ஆனால், 1982 முதல் சொத்து வரி கட்டாமல் இருக்கக் கிடைத்த இடத்தை யார்தான் சார் காலி செய்வார்கள்?